சகலையின் சப்வூஃபர்

மாமனார் வீட்டில் பல வருஷமாக டமாரம்தான் ஒரே மாப்பிள்ளை. டமாரம் என்பது பட்டப்பெயர். கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் கடை வைத்திருந்தான். எந்நேரமும் ஏதாவது ஒரு வண்டியின் டிக்கி திறந்திருக்கும். உள்ளே இருந்து தரை அதிரச் சத்தம் வரும். பக்கத்துக் கடையில் கார் கண்ணாடிகளுக்குக் கறுப்புத் தாள் ஒட்டுகிறவர் வைத்த பெயர் அது. தெருவே பிடித்துக்கொண்டது. அவனுக்கும் அதில் வருத்தமில்லை.

ஒரே மாப்பிள்ளையாக இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. குழாய் ஒழுகினாலும் வீட்டு வரி கூடினாலும், "மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்பார் மாமியார். அவன் பெரிதாக ஒன்றும் செய்துவிட மாட்டான். ஆனால் கேட்பார்கள். மாமனார் மட்டும் கொஞ்சம் ஒதுங்கியே இருப்பார். ஆயுள் முழுக்க நெசவாலையில் தறிகளுக்கு நடுவே நின்று ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். எதைச் சொன்னாலும் பாதி நேரம் தலையை மட்டும் ஆட்டுவார். டமாரத்தின் காரில் ஏறினால், அவன் ஆசையாகப் பாட்டுப் போட்ட மறு நிமிஷம், "கொஞ்சம் குறைங்க மாப்பிள்ளை" என்பார். சுபாவமே அப்படித்தான் என்று அவன் விட்டுவிட்டான்.

பிறகு மனைவியின் தங்கைக்குக் கல்யாணமாகி, சகலை வந்து சேர்ந்தான்.

சகலைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. 'இதுல நல்லாத் தெரியுதா, அதுல நல்லாத் தெரியுதா' என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டே பொறுமை அவனுக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. யார் பேசினாலும் முகத்தைப் பார்த்துக் கேட்பான். வந்த சில மாதங்களிலேயே மாமியாருக்குப் புதுக் கண்ணாடி வந்தது, குழாய் ஒழுகுவது நின்றது, மாமனாரோடு வாசலில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசும் ஆளும் ஆனான். டமாரத்தைக் கண்டால் சட்டென்று எழுந்து, "வாங்கண்ணா" என்று இடம் விடுவான். அதுதான் இன்னும் எரிந்தது. சண்டைக்கு வருகிறவனைச் சமாளித்துவிடலாம். விட்டுக்கொடுக்கிறவனை என்ன செய்ய முடியும்?

"உங்க வயித்துல எரியற அடுப்புல ரெண்டு குடும்பத்துக்குச் சமைக்கலாம்" என்றாள் மனைவி ஒருநாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

சகலை கார் வாங்கினான். பழைய வண்டிதான். அவர்கள் குடியிருந்த சந்துக்குள் கார் நுழையாது என்பதால் மாமனார் வீட்டு முன்பக்கக் கொட்டகையில் நிறுத்திக்கொண்டார்கள். சாவி மாமனாரிடம் இருந்தது. அடுத்தது ஸ்பீக்கர்தான், அதற்குத் தன்னிடம்தான் வந்தாக வேண்டும் என்று டமாரம் நம்பினான். வந்தால் என்ன செய்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தான். முதலில் கொஞ்சம் பிகு செய்துகொள்வது. பிறகு இருப்பதிலேயே நல்லதை எடுத்துப் போட்டு, வாயடைக்கச் செய்வது.

சகலை வரவில்லை. ஒரு விடுமுறை நாளில் டமாரம் மாமனார் வீட்டுக்குப் போனபோது கொட்டகையில் மரத்தூள் சிதறிக் கிடந்தது. டிக்கிக்குள் புதிதாக ஒரு பெட்டி. அதில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு சப்வூஃபர், அதாவது அடிச்சத்தத்துக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர். எங்கிருந்தோ வரவழைத்திருக்கிறான். பெட்டியைச் சகலையே அறுத்து ஒட்டியிருக்கிறான். மாமனார் பலகையைப் பிடித்துக்கொண்டாராம், ஆணியும் அவரே அடித்தாராம். மாமியார் இதைப் பெருமையாகச் சொல்லச் சொல்ல, டமாரத்துக்குக் காது அடைத்தது.

மாமனார் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடி, முதுகைச் சீட்டில் முழுதாகச் சாய்த்து, விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் தாளம் போட்டு டமாரம் பார்த்ததே இல்லை.

"அண்ணா, நானே நெட்ல பார்த்துப் பண்ணினேன்" என்றான் சகலை. கையில் பசை ஒட்டியிருந்தது. "நீங்க பார்த்துச் சொல்லுங்க. எல்லாம் சரியா இருக்கா?"

டமாரம் குனிந்து பார்த்தான். ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. பெட்டி, காற்றுக்குழல் வைத்த மாதிரி. அந்த மாதிரிப் பெட்டியில் ஒரு அளவு வரைக்கும் உள்ளே இருக்கும் காற்றே ஸ்பீக்கரின் கூம்பைப் பிடித்து நிறுத்தும். அந்த அளவுக்கும் கீழே சத்தத்தின் சுருதி இறங்கினால் பிடிமானம் போய்விடும். கூம்பு தன் எல்லையைத் தாண்டி முன்னும் பின்னும் பாயும். அதைத் தடுக்கத்தான் ஆம்ப்ளிஃபையரில் சப்சானிக் ஃபில்டர் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. காதுக்கு எட்டாத அடிமட்டச் சத்தத்தை ஸ்பீக்கருக்குப் போகவிடாமல் வடிகட்டிவிடும். சகலையின் ஆம்ப்ளிஃபையரில் அந்த ஸ்விட்ச் அணைந்து கிடந்தது. போதாக்குறைக்கு, அடிச்சத்தத்தைக் கூட்டும் பாஸ் பூஸ்ட் குமிழ் கோடி வரைக்கும் திருகியிருந்தது. பாட்டில் ஓர் ஆழமான அடி விழும்போதெல்லாம் கூம்பு வெளியே வந்து விழுந்துவிடுவதுபோல் துள்ளியது. இப்படியே ஓட்டினால் உள்ளே இருக்கும் காயில் என்கிற கம்பிச்சுருள் பின்தகட்டில் போய் மோதும். அப்புறம் காயில் நசுங்கும், கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு கிழியும்.

விரலை நீட்டி ஒரு ஸ்விட்சைத் தட்டி, ஒரு குமிழைத் திருப்பினால் முடிந்தது. கடைக்கு வரும் யாருக்கும், சாமான் வாங்காமல் வேடிக்கை பார்க்க வருகிறவனுக்குக்கூட, அதைச் செய்துதான் அனுப்புவான்.

"பிரமாதம்" என்றான் டமாரம்.

சகலையின் முகம் மலர்ந்தது. "நிஜமாவா அண்ணா? எதையும் மாத்த வேணாமா?"

"எதையும் தொடாதீங்க சகல. அப்படியே இருக்கட்டும்."

வீடு திரும்பும் வழியில் மனைவி தங்கை புருஷனின் கைத்திறமையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். டமாரம் தன் வண்டியின் பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டினான்.

அதன் பிறகு காத்திருந்தான். செய்தி வரும், சகலை தலையைச் சொறிந்துகொண்டு கடை வாசலில் வந்து நிற்பான் என்று. மனைவி தங்கையோடு போனில் பேசினால் பக்கத்தில் வேலை இருப்பதுபோல் நின்று காது கொடுப்பான். அக்காவும் தங்கையும் வானத்துக்குக் கீழே இருக்கும் எல்லாவற்றையும் பேசினார்கள், ஸ்பீக்கரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. மாறாக, மாமனார் தினமும் சாயங்காலம் கொட்டகைக்குப் போய்த் தனியாகக் காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார் என்ற சேதிதான் வந்தது. மாமியார் அதைச் சொல்லிச் சிரித்தாராம்: "என்னைவிட அந்தக் காரோடதான் இப்ப அவருக்குக் குடித்தனம்."

சகலை மெல்லிசாகப் பாட்டுக் கேட்கிறான், அதனால்தான் ஸ்பீக்கர் தாங்குகிறது என்று டமாரத்துக்குப் புரிந்தது. கடையில் ஸ்பீக்கர்களைச் சோதிக்க ஒரு பென் டிரைவ் வைத்திருந்தான். அதில் இருப்பவற்றைப் பாட்டு என்றே சொல்ல முடியாது. பூமிக்கு அடியில் யாரோ பாறை உருட்டுவதுபோல் இருக்கும். அதைப் பிரதியெடுத்து, அடுத்த முறை போகும்போது சகலையின் கையில் கொடுத்தான்.

"இதுல அருமையான பாஸ் இருக்கு. நல்லாக் கூட்டி வெச்சுக் கேளுங்க."

சகலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அப்போதுகூட டமாரத்தின் மனசு உறுத்தியது. உறுத்தலைக் காட்டிலும் எரிச்சல் பெரிதாக இருந்தது.

சில நாட்கள் கழித்து, மத்தியான வேளையில், கடை வாசலில் ஒரு வாடகை வண்டி வந்து நின்றது. மாமனார் இறங்கினார். இரண்டு கையாலும் எதையோ நெஞ்சோடு அணைத்திருந்தார். பழைய போர்வையில் சுற்றிய மூட்டை. கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார். அத்தனை வருஷத்தில் அவர் டமாரத்தின் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

மேஜையில் வைத்துப் போர்வையை விலக்கினார். சகலையின் சப்வூஃபர். விளிம்பு ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. டமாரம் கூம்பின் மேல் விரல்களைப் பரப்பி மெதுவாக அழுத்தினான். உள்ளே கரகரவென்று உரசி, பாதியில் சிக்கி நின்றது. கருகிய வாடை. எதற்காகக் காத்திருந்தானோ அது கண் முன்னால் கிடந்தது. ஆனால் கொண்டுவந்து நின்ற ஆள் வேறு.

"நான்தான் கெடுத்துட்டேன் மாப்பிள்ளை" என்றார் மாமனார். "சின்னவர் ஒரு பென் டிரைவ் வெச்சிருந்தார். அதைப் போட்டேன். முதுகுல நல்லா அதிர்ந்துச்சு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கூட்டிட்டேன். புகை வாடை வந்தப்பறம்தான் தெரிஞ்சுது."

அதற்கு முன்னாலேயே டொக் டொக்கென்று அடித்திருக்குமே, கேட்கவில்லையா என்றான் டமாரம். அவர் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை கேட்டான். அவர் லேசாகச் சிரித்தார்.

"எனக்கு எங்க கேக்கும்? தறிச் சத்தத்துல பாதிக் காது அப்பவே போயாச்சு. தடிச்ச சத்தம் மட்டும்தான் எட்டும், அதுவும் உடம்பு வழியா. வீட்ல யாருக்கும் தெரியாது. தலையை ஆட்டியே ஓட்டிட்டேன். சின்னவர்தான் கண்டுபிடிச்சார்."

கண்ணாடிக் கடையில் கேட்பதுபோலவே சகலை கேட்டிருக்கிறான். போனில் ஒவ்வொரு சத்தமாக வைத்து, 'இது கேக்குதா மாமா, அது கேக்குதா' என்று. எது அவருக்கு எட்டுகிறது என்று தெரிந்துகொண்டு, அதற்குத் தோதாகத்தான் அந்தப் பெட்டியை அறுத்திருக்கிறான். டமாரத்தின் காரில் பாட்டு ஊசி மாதிரிக் குத்துமே தவிரப் பாட்டாகக் கேட்காது, அதைச் சொன்னால் மாப்பிள்ளையின் மனசு சங்கடப்படும் என்றுதான் குறைக்கச் சொல்வது வழக்கம் என்றார் மாமனார். டமாரத்தின் தொழிலே சத்தம். மாமனாரின் காது அரைக்காது என்பது அவனுக்குத் தெரியவில்லை. வந்து சில மாதமான ஒரு கண்ணாடிக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நேரத்திலும் முதலில் மூண்டது பொறாமைதான். வெட்கம் அதன் பின்னால்தான் வந்தது.

"சின்னவருக்குத் தெரியாம சரி பண்ணித் தர முடியுமா?" என்றார் மாமனார். "ஆசை ஆசையாப் பண்ணினார். இனிமே நான் அந்த வண்டிப் பக்கமே போக மாட்டேன். வயசான காலத்துல எனக்கு எதுக்கு இதெல்லாம்."

சரி செய்யலாம் என்று டமாரம் தலையசைத்தான். கிழிந்த கூம்பை வெட்டி எடுத்தான். உள்ளே காயில் நசுங்கி, சுற்றிய கம்பி அவிழ்ந்து கிடந்தது. மாமனார் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். ஆலைக்காரர் அல்லவா, கேட்காமலே எந்த நேரத்துக்கு எது வேண்டுமோ அதை எடுத்து நீட்டினார். காந்தத்தின் இடுக்கை இருவருமாகத் துடைத்தார்கள். புதுக் காயிலை இறக்கி, அது நட்டநடுவில் நிற்பதற்காகச் சுற்றிலும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகினார்கள். அவர் பிடித்துக்கொள்ள, டமாரம் புதுக் கூம்பை வைத்துப் பசை தடவினான். அவர் முகத்தில் குற்றம் செய்த பிள்ளையின் களை இருந்தது. நடுநடுவே, "தப்புத்தான், தப்புத்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எல்லாம் டமாரத்துக்குச் சாதகமாகத்தான் முடிந்திருக்கும். மாமனார் அவனைத் தேடி வந்தாயிற்று. சின்ன மாப்பிள்ளைக்குத் தெரியாத ஒரு ரகசியம் பெரிய மாப்பிள்ளையிடம் இருக்கிறது. இதற்குத்தானே ஆசைப்பட்டான். ஆனால் அந்த 'தப்புத்தான்' அவனைப் பசைத் தூரிகையைக் கீழே வைக்கச் செய்தது.

"மாமா, நீங்க கெடுக்கல" என்றான்.

"என்ன?"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கடையில் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது. டமாரம் அருகில் போனான்.

"நீங்க கெடுக்கல. ஆம்ப்ளிஃபையர்ல ஒரு ஸ்விட்ச் போடாம இருந்துச்சு. நான் அன்னைக்கே பார்த்தேன். சொல்லல."

"கேக்கல மாப்பிள்ளை. யார் சொல்லல?"

"நான் சொல்லல" என்று கத்தினான் டமாரம். "ஸ்பீக்கர் கிழியும்னு தெரியும். தெரிஞ்சும் பிரமாதம்னு சொன்னேன். அந்தப் பென் டிரைவைக் கொடுத்ததும் நான்தான். கிழியட்டும்னுதான் கொடுத்தேன்."

கம்ப்ரஸர் ஏதோ ஒரு இடத்தில் நின்றுபோயிருந்தது. கடைசி வார்த்தைகள் தெருவுக்கே கேட்டன. தாள் ஒட்டுகிறவர் தன் கடை வாசலில் கையில் துணியோடு நின்று பார்த்தார். பிறகு பார்க்காததுபோல் உள்ளே போனார்.

மாமனார் நெடுநேரம் அவன் உதட்டைப் பார்த்தபடியே இருந்தார், இன்னும் ஏதாவது வருமோ என்பதுபோல்.

"ஏன்?" என்றார்.

"எரிச்சல் மாமா."

"சின்னவர் மேலயா?"

"அவர் மேல. உங்க மேலயும்தான்."

அவர் மேஜையில் இருந்த ஸ்பீக்கரைத் தன் பக்கம் திருப்பி, பசை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சின்னவர் உங்ககிட்ட ஏன் வரலைன்னு நினைச்சீங்க?" என்று கேட்டார். "சொந்தமாப் பண்ணி உங்ககிட்ட ஒரு நல்ல பேர் வாங்கணும்னு. நீங்க பிரமாதம்னு சொன்ன அன்னைக்கு அவர் தூங்கலையாம். எதையும் தொடாதீங்கன்னு நீங்க சொன்னதால அந்தக் குமிழ்மேல தூசிகூடத் துடைக்கல." பிறகு எழுந்தார். "இதை அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நானே சொல்றேன்."

"பசை காயட்டும். நாளைக்கு வரேன்" என்று போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் டமாரத்துக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போனான். உட்கார வேறு இடம் இல்லாமல், கண் பார்க்க வருகிறவர்களின் நாற்காலியில் உட்கார்ந்தான். எதிர்ச் சுவரில் பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்து வரைக்கும் இறங்கும் பலகை. அதைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். சகலை ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சொல்லி முடித்த பிறகும் அதையே துடைத்தான்.

"மாமா மூணு நாளா வண்டிப் பக்கம் வரல" என்றான் கடைசியில். "நான் ஏதோ மனசு நோகப் பேசிட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஸ்பீக்கர் போனாப் போகட்டும் அண்ணா. அவர் பயந்திருக்கார், அதான்." வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். டமாரம் எழுந்து வந்தான்.

விஷயம் தெரிந்ததும் மனைவி பேசினாள், பேசித் தீர்த்தாள். தங்கை முகத்தில் எப்படி விழிப்பது என்றாள், அரிப்பெடுத்தால் ஊரான் முதுகிலா சொறிவது என்றாள்.

பசை காய்ந்ததும் பிளாஸ்டிக் துண்டுகளை உருவி, நடுமூடியை ஒட்டி, ஸ்பீக்கரைக் கொட்டகைக்குக் கொண்டுபோனான். சகலையும் மாமனாரும் இருந்தார்கள். திருகுகளை முடுக்கிய பிறகு, டமாரம் போனிலிருந்து ஒற்றைச் சுரமாக ஒலிக்கவிட்டு, மெல்ல மெல்ல அதைக் கீழே இறக்கினான். ஓரிடத்தில் கூம்பு ஏறக்குறைய அசையாமல் நின்றது. காற்றுக்குழலின் வாயில் பிடித்த காகிதம் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. பெட்டியின் சுருதி எல்லை அதுதான் என்றான். அதற்கும் கீழே ஒரு நூல் இறக்கினான். கூம்பு உடனே தறிகெட்டுத் துள்ள ஆரம்பித்தது. ஃபில்டரைப் போட்டு, அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே வைத்தான். துள்ளல் அடங்கியது. பாஸ் பூஸ்ட்டை முழுதாக இறக்கினான். சகலை குனிந்து எல்லாவற்றையும் உன்னிப்பாகப் பார்த்தான். இறக்கிவிட்டால் மாமாவுக்கு எட்டுமா என்று மட்டும் கேட்டான்.

"உட்கார்ந்து பாருங்க மாமா" என்றான் டமாரம்.

அவர் தயங்கினார். இனி எவ்வளவு கூட்டினாலும் கிழியாது என்று, அவர் காதுக்கு எட்டும்படி உரக்கச் சொன்னான். அவர் ஏறி உட்கார்ந்தார். பாட்டுத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் முதுகு சாய்ந்தது, கண் மூடியது.

முன்பைவிட நன்றாக இருந்தது. டமாரத்துக்கு அது முதல் அடியிலேயே தெரிந்தது. பெட்டியின் வேலைப்பாடு அப்படி. தன் வண்டியில் அவன் எத்தனை தடவை மாற்றி மாற்றிப் போட்டும் இந்த வழுவழுப்பு வந்ததில்லை. சரிசெய்த கை தன்னுடையதாக இருந்தும் பேர் சகலைக்குத்தான் போகும் என்ற நினைப்பு, அந்த இடத்திலும், அத்தனைக்கும் பிறகும், நெஞ்சில் சுருக்கென்று ஏறியது. அப்படி ஏறியதற்காகத் தன்னையே நொந்துகொண்டு ஸ்குரூடிரைவரைத் துடைத்து உறையில் போட்டான்.

சகலை பழையபடி ஆகக் கொஞ்ச காலம் பிடித்தது. பார்த்தால் பேசுவான், ஆனால் எதையும் கேட்க மாட்டான். டமாரமும் வலியப் போகவில்லை. பிறகு ஒருநாள் சகலை கடைக்கு வந்தான். மாமாவுக்குக் காது சோதிக்க நல்ல ஓர் இடம் பார்த்திருப்பதாகவும், தான் கூப்பிட்டால் அசையவில்லை என்றும் சொன்னான். "நீங்க கூப்பிட்டா வருவார். உங்ககிட்ட அவருக்குக் கொஞ்சம் பயம்."

பயம் என்ற வார்த்தை டமாரத்துக்கு இனிக்கவில்லை. ஆனாலும் போய்க் கூப்பிட்டான். மாமனார் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மூவரும் டமாரத்தின் காரில்தான் போனார்கள். இதற்குள் அவன் தன் வண்டியில் குத்துகிற சத்தங்களையெல்லாம் குறைத்து, பெட்டியையும் புதிதாகச் செய்து வைத்திருந்தான். யாருக்காக என்று யாரிடமும் சொல்லவில்லை. மாமனார் முன்சீட்டில். பாட்டைப் போட்டான். குறைக்கச் சொல்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தான். சொல்லவில்லை.

"எப்படி மாமா?" என்று கத்தினான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமனார். கொஞ்ச தூரம் போனதும் மனசாட்சிப்படி மீதியையும் சொன்னார்: "சின்னவர் வண்டியில இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கும்."

பின்சீட்டில் சகலை சங்கடமாக நெளிந்தான். வயிற்றில் அடுப்புப் பற்றிக்கொண்டதை டமாரம் உணர்ந்தான். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். முன்னால் போன லாரியைத் தாண்டவில்லை, அதன் பின்னாலேயே மெதுவாக ஓட்டினான்.

"உங்க பெட்டியில காத்துக்குழல் எவ்வளவு நீளம் வெச்சீங்க சகல?" என்றான்.